கருவாட்டுக்காரி கசோண்டேயும் பத்தாவது புத்தகமும்

கசோண்டே வந்து இறங்கிவிட்டாள் என்று முசேபே ஊருக்குள் யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. கருவாட்டு வாசனை அவளுக்கு முன்னால் நடந்து போய்ச் சொல்லிவிடும். மாதம் ஒருமுறை சிலுபித் தீவில் படகேறி, லுவிங்குவில் லாரி பிடித்து, எட்டுச் சாக்குக் கருவாட்டின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்து வருவாள். ஆள் குட்டை. வயது ஐம்பத்திரண்டு. குரல் மட்டும் ஏரிக்கு இந்தக் கரையில் நின்று அந்தக் கரைப் படகைக் கூப்பிடுகிற குரல்.

அவள் அம்மா மோனிக்கா, மோனிக்காவின் அம்மா சிலேயா, சிலேயாவின் அம்மா பெரிய கசோண்டே. எல்லோரும் மழைக் குலம். அப்பன் யாராக இருந்தாலும் பிள்ளைக்கு அம்மாவின் குலம்தான். முதல் புருஷனுக்கு இரண்டு பிள்ளை, இரண்டாம் புருஷனுக்கு இரண்டு பிள்ளை, நான்கும் மழைதான். இரண்டாவது புருஷன் நல்லவன். வலை பின்னுவதில் அவனைப் போல ஒருவன் தீவில் கிடையாது. காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதன் பிறகுதான் அவள் கருவாட்டுச் சாக்கோடு ஊர் ஊராகக் கிளம்பியது.

முசேபேக்கு வந்தால் சரக்கு தீர ஐந்து நாள் ஆகும், ஆறு நாளும் ஆகும். சந்தை காலையில் இரண்டு மணி நேரம்தான். மீதிப் பொழுதை என்ன செய்வது? நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உரம் அடுக்கி வைத்த பழைய கிட்டங்கி ஒன்று, நீலக் கதவு, கதவு திறந்திருந்தது. சாக்கை இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பார்த்தால் சுவர் முழுக்கப் புத்தகம்.

"அக்கா, கருவாட்டை இங்க வெக்காதீங்க! புஸ்தகமெல்லாம் நாறிரும்!" என்று ஓடி வந்தாள் லுக்கோண்டே. ஊர் நூலகத்தை ஒற்றை ஆளாக நடத்துகிறவள் அவள்தான். சம்பளம் கிடையாது. புருஷன் தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்து அனுப்புவதில் குடித்தனம் நடக்கிறது.

"நாறினா என்னடி, படிக்கிறவனுக்குப் பசி எடுக்கும். நல்லதுதானே," என்றாள் கசோண்டே. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மழை விடுவதற்குள் தரையைக் கூட்டினாள். முதுகு பிய்ந்து கிடந்த புத்தகங்களைப் பார்த்தாள். இடுப்பு முடிச்சிலிருந்து வலை பின்னுகிற ஊசியை எடுத்து, மீன் வலை நூலால் ஏழு புத்தகத்தைத் தைத்துப்போட்டாள். அந்தத் தையல் இன்று வரைக்கும் விடவில்லை. புத்தகம் கிழிந்தாலும் தையல் கிழியாது.

அன்றிலிருந்து வருகிற மாதமெல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு அவள் நூலகத்தில்தான். ஒருதரம் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி முதுகில் மூட்டையோடு வந்து பத்து நாள் தங்கி அலமாரிக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தாள். அவளைப் போல வந்து போகிறவர்கள் பெயர் எழுதுவதற்கு ஓர் ஏடு உண்டு: பெயர், எங்கிருந்து வந்தார், எவ்வளவு நாள் இருப்பார். அந்தப் பெண் எழுதி முடித்ததும் கசோண்டே பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏன், நானும் பயணக்காரிதானே? நானும் சும்மாதானே வேலை செய்யுறேன்?" என்று கேட்டாள். கொட்டை எழுத்தில் எழுதினாள்: கசோண்டே. சிலுபித் தீவு. கருவாடு விற்கும் வரைக்கும்.

எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பது வயதுக்கு மேல்தான். தேவாலயத்துப் பெண்கள் சங்கத்தில் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தது. ஆகையால் தாய்மொழியான பெம்பா மட்டும்தான் வரும்; அதுவும் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அவள் படிக்க உட்கார்ந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனம் பாதி நூலகத்துக்குள் வந்துவிடும். பஸ்ஸை விட்டவர்களும் உண்டு.

ஆனால் நூலகத்தில் இருக்கிற எழுநூறு புத்தகமும் கடல் தாண்டிப் பெட்டியில் வந்த இங்கிலீஷ். அதை விட்டால் பெம்பாவில் மொத்தம் பத்து. ஒன்பதை அவள் நான்கு நான்கு தடவை படித்துத் தீர்த்துவிட்டாள். பத்தாவது, நீல அட்டை போட்ட தடிப் புத்தகம், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், முழுக்கக் கதை. அதை அவள் கண்ணால் கண்டதில்லை. பதிவேட்டில் பெயரைப் பார்த்ததோடு சரி. அது வந்து சேர்ந்த இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். "வெளிய போயிருக்குக்கா" என்பாள் லுக்கோண்டே. மாமியார் வீட்டுக்குப் போன மருமகள் மாதிரிப் போன புத்தகம் திரும்பவே இல்லை.

இந்தத் தடவை வியாழக்கிழமை வந்து இறங்கினாள். லுக்கோண்டே கையில் ஒரு கடிதத்தோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, காசாமாவுலேருந்து நூலகச் சங்கத்து ஆள் வர்றாரு. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள. பெம்பா அலமாரியில பத்து புஸ்தகமும் பத்திரமா இருந்தா, இன்னும் நாப்பது குடுத்துட்டுப் போறாராம்."

"நாப்பதா? பெம்பாவுலயா?"

"நாப்பதும் பெம்பாதான். ஒண்ணு கொறஞ்சாலும் பெட்டி லுவிங்கு நூலகத்துக்குப் போயிரும்."

கசோண்டே கருவாட்டுச் சாக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். நாற்பது! ஒரு மாதத்துக்கு ஒன்று என்று படித்தாலும் மூன்று வருஷத்துக்கு மேல் வரும்.

"சரி. அந்த ஒண்ணு யாருகிட்டடி இருக்கு? இன்னைக்கு நீ சொல்லாம விடமாட்டேன்."

லுக்கோண்டே தரையைப் பார்த்தாள். "எங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட."

"எந்தப் பெரியவங்க?"

"என் வாயால பேரச் சொல்ல முடியாதுக்கா."

புருஷனைப் பெற்றவர் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. நேருக்கு நேர் நிற்கக்கூடாது, எதிரில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. அப்புறம் எங்கே போய்ப் புத்தகத்தைக் கேட்பது? கசோண்டேக்கு விளங்கிவிட்டது. துள்ளி எழுந்தாள்.

"மலாமாவா! அந்த நனைஞ்ச காளானா! இத முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே புடுங்கிட்டு வந்திருப்பேனே!"

லுக்கோண்டே மேல்துணியால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலாமா காளான் குலம். அறுபத்தெட்டு வயது, ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிற மனிதர், ஆறடிக்கு நான்கு விரல் குறைவு, நடந்தால் கம்பம் நடக்கிற மாதிரி இருக்கும். அவரிடம் ஊரில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். ஆனால் மழைக் குலத்துக்கும் காளான் குலத்துக்கும் கேலி முறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. மழைக்காரி காளானை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், வீட்டுக்குள் புகுந்து கோழியைத் தூக்கலாம். கோபப்பட்டால் கோபப்பட்டவருக்குத்தான் தண்டம். காளானுக்கும் அதே உரிமை உண்டு. காளானில் ஒருவர் செத்தால் குழி வெட்டி மண் போடுவதும் மழைதான். சந்தையில் இருவரும் பார்த்துக்கொண்டால் வியாபாரம் நின்றுவிடும். சனம் அந்தச் சண்டையைக் கேட்கக் கூடிவிடும்.

வெள்ளிக்கிழமை மலாமா கேழ்வரகுக் காட்டுக்குப் போயிருந்தார். பொழுது சாயத்தான் திரும்பினார். சனிக்கிழமை காலை, பனி விலகுவதற்குள் கசோண்டே அவர் வீட்டு வாசலில் நின்றாள். வேலியோரம் நின்று அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் குச்சியைத் துப்பிவிட்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

இதென்னடா, காளான் ஓடி ஒளிகிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். வழக்கமாக இரண்டு திட்டுக்கு நான்கு திட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஆள்.

"யோவ் காளான்! கதவைத் தொற! நீல அட்டைப் புஸ்தகம் எங்கய்யா?"

தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது.

அவளுக்கு உற்சாகம் பொங்கியது. சிலுபித் தீவில் ஒரு பழக்கம் உண்டு. கேலி முறைக்காரர் வெளியே வராவிட்டால், அவர் செத்துப்போனதாக வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். தீவே சிரிக்கும். உள்ளே இருக்கிறவர் வெட்கப்பட்டு ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். கசோண்டே தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். ஏரிக் கரைக் குரலை எடுத்தாள்.

"ஐயோ என் காளானே, குடை விரிச்ச காளானே!
மழைக்கு முன்னால மண்ணுக்குள்ள போனியே!
பத்துல ஒண்ண நீ பதுக்கிக்கிட்டுப் போனியே!
படிக்காத என்னய இங்க பரிதவிக்க விட்டியே!"

அங்கேதான் தப்பு நடந்தது. தீவு வேறு, முசேபே வேறு. இங்கே சாவுக் குரலில் விளையாட மாட்டார்கள். காலையில் ஒரு வாசலில் ஒப்பாரி கேட்டால் யார், என்ன என்று கேட்பதும் கிடையாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் அழுததைக் கேட்டு அடுத்த வீடு. அடுத்த வீட்டைக் கேட்டுச் சந்தை. பத்துப் படி மாவை வேசன் பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு பெண்கள், விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் குந்தினார்கள். தேவாலயப் பாட்டுக் குழு மேளத்தோடு வந்து நின்றது.

கசோண்டே இதையெல்லாம் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடப் பாட, வலை பின்னுகிற இரண்டாவது புருஷன் ஞாபகம் வந்து நிஜமாகவே கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கக் கண்ணைத் திறந்தாள். சுற்றி அறுபது எழுபது பேர். அத்தனை பேரும் அழுகிறார்கள்.

உயிரோடு இருக்கிற பெரிய மனிதருக்கு ஊரைக் கூட்டி அழுதாகிவிட்டது!

"நிறுத்துங்க! அவரு சாகல! நெசமாவே சாகல!"

இரண்டு பெண்கள் அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "அழு தாயி. மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. மனசு ஒப்பாது."

"உசுரோட இருக்காருங்கறேன்! உள்ளதான் இருக்காரு!"

"ஆமா தாயி. நம்ம நெஞ்சுக்குள்ள எப்பவும் இருப்பாரு."

சவப்பெட்டி செய்கிற தச்சன் கபாசோ கதவைத் தள்ளிப் பார்த்தான். "உள்ள தாழ் போட்டுக்கிட்டுப் போயிருக்காரு. நல்ல மனுஷன். யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு நெனச்சிருக்காரு." பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்தான். "கதவை ஒடைக்கிறதுக்குள்ள நான் பலகையை அறுக்கச் சொல்லிவிடறேன். எனக்குத் தெரியாத உயரமா? நூத்தி எழுவத்தி மூணு."

"எழுவத்தாறுடா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாவு வேசன்கள் உருண்டன. மேளக்காரன் மேளத்தின் மேலேயே விழுந்தான். பாதிக் கூட்டம் வேலியைத் தாண்டி ஓடியது. தாழ்ப்பாள் விலகியது, மலாமா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், தூங்கி எழுந்த சட்டையோடு, பல் தேய்த்த வாயோடு.

"மூணு சென்டிமீட்டர் கொறச்சு என்னைக் காலை மடக்கிப் பொதைக்கலாம்னு பாக்குறியா கபாசோ?"

அந்த நேரம் பார்த்து லுக்கோண்டே வந்து சேர்ந்தாள். மாமனார் போய்விட்டார் என்று யாரோ சொல்லி, நூலகத்தைப் பூட்டாமல், செருப்பில்லாமல், அலறிக்கொண்டு ஓடி வந்தவள், வாசல்படியில் அவருடைய இரண்டு பாதத்தையும் பார்த்தாள். பாதம் நடந்தது. சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு துணிக்குள் முகத்தைப் புதைத்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள்.

"ஏய் மழை," என்றார் மலாமா. "என்னடி பண்ணி வெச்சிருக்க?"

கசோண்டே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். பயம் ஒரு பக்கம். ஆனால் முறை முறைதான், பின்வாங்கினால் கேவலம். "நான் பேஞ்சாத்தானே நீ மொளைக்கிற? பேஞ்சேன், மொளைச்சு வெளிய வந்துட்ட. புஸ்தகத்த எடு."

வேலிக்கு அந்தப்புறம் ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். யாரோ ஒரு கிழவன் முதலில் சிரித்தான். அதன் பிறகு அடக்க முடியவில்லை. மலாமா மட்டும் சிரிக்கவில்லை. கீழே பார்த்தார்.

"எங்கிட்ட இல்ல," என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஒரு மாசத்துலயே படிச்சு முடிச்சேன். திருப்பிக் குடுக்கப் போன அன்னைக்கு வழியில தங்கச்சி மக வீட்டுக்காரன் காலை ஒடச்சுக்கிட்டுக் கெடந்தான். பொழுது போகலன்னான், குடுத்தேன். அப்புறம் அது அவன்கிட்டயும் இல்ல. ஊர் நியாயம் பேசுறவன், எடுத்த பொருளக் காணோம்னு எந்த மொகத்தோட வந்து சொல்றது? மருமக வேற அங்க உக்காந்திருக்கு."

இவள் வாய்க்குப் பயந்து அவர் தாழ்போடவில்லை. வெறுங்கையோடு வெளியே வர வெட்கம்.

கசோண்டே வானத்தைப் பார்த்தாள். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. காசாமா ஆள் கிளம்பியிருப்பார். ஆனால் அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு மறுபடி உற்சாகம் ஏறிவிட்டது. சாவு வீடு அல்லவா? ஊரில் ஒரு ஆள் பாக்கியில்லை! வேறு எந்த நாளில் இப்படி எல்லோரும் ஒரே வாசலில் கிடைப்பார்கள்?

"தங்கச்சி மக வீட்டுக்காரன் எவன்? எந்திரி!"

செங்கல் அறுக்கிற முசோலே எழுந்தான். மலாமாவின் கூடப்பிறந்த தங்கை ரெபெக்கா, ரெபெக்காவின் இரண்டாவது மகள் ஃபைதா, ஃபைதாவின் புருஷன். "நான் ரெண்டு தரம் படிச்சேன் சின்னம்மா. கால் கூடுனதும் என் பொண்டாட்டியோட அக்கா வந்து வாங்கிட்டுப் போச்சு."

"அக்கா எங்க?"

எஸ்னாட் மாவு வேசனோடு முன்னால் வந்தாள். ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு உதவி செய்கிறவள். "வலி வர்ற வரைக்கும் படுத்திருக்கிற பொண்ணுங்களுக்குப் படிச்சுக் காட்டுனேன். பதினேழு கொழந்தைங்க அந்தப் புஸ்தகத்தக் கேட்டுக்கிட்டேதான் பொறந்துச்சு. அப்புறம் தச்சன் பொண்டாட்டிக்குக் கதை நடுவுல வலி வந்துருச்சு. முடிவு தெரியாமப் போகமாட்டேன்னு புள்ளையோட சேத்து அதையும் தூக்கிட்டுப் போயிட்டா."

எல்லோரும் கபாசோவைப் பார்த்தார்கள். அவன் காதைச் சொறிந்தான். "என் பொண்டாட்டி படிச்சா. அவ படிச்சதும் நான் படிச்சேன், பட்டறையில வெச்சு. போன மழைக்கு முன்னாடி என் மச்சான் வந்து தூக்கிட்டுப் போனான்."

மச்சான் என்றால் கபாசோவின் மனைவியோடு பிறந்தவன், பாட்டுக் குழுத் தலைவன் லோம்பே. கூட்டத்தின் நடுவில் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். மெதுவாக ஜிப்பைத் திறந்தான். பாட்டுத் தாள்களுக்கு நடுவில், ஓரம் கறுத்து, முனை மழுங்கி, நீல அட்டை.

கசோண்டே ஒரே கத்தாகக் கத்தினாள். பறவைகள் மரத்தை விட்டுப் பறந்தன. அவள் கையில் புத்தகம் வந்தபோது கனமாக, சூடாக இருந்தது, இப்போதுதான் தொட்டிலிலிருந்து தூக்கிய குழந்தை மாதிரி.

இந்தச் சத்தத்தில் வண்டி வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. காசாமா ஆள், கங்வா என்று பெயர், கழுத்துப்பட்டை கட்டிய மெலிந்த மனிதர், நூலகத்தில் ஆளைக் காணாமல் தேடி வந்தவர், கூட்டத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். முறைப்படி ஆண்களோடு குந்தி, பக்கத்தில் இருந்த நெட்டை மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசத் தேத்திக்குங்க அய்யா. போனது யாரு?"

"நான்தான்," என்றார் மலாமா.

விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கங்வா கண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. நீலப் புத்தகத்தை வாங்கி, எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. கடைசியில் நிமிர்ந்தபோது அவர் முகம் சரியில்லை.

"இருநூத்தி நாலோட நிக்குது. எட்டுப் பக்கம் இல்ல. மன்னிச்சிருங்க அம்மா. பக்கம் கொறஞ்சா அது இல்லாத புஸ்தகக் கணக்குலதான் போகும். சங்கம் போட்ட விதி, நான் போட்டதில்ல."

"எட்டுப் பக்கந்தானே!" என்றாள் எஸ்னாட்.

"எனக்கும் அந்த எட்டுப் பக்கந்தான் கெடைக்கல," என்றான் லோம்பே. "கெழவி தன் மகனுக்காக மொதலை வீட்டுக்குப் பொண்ணு கேட்டுப் போறா. மொதலை வாயத் தொறக்குது. அதோட அத்துப்போச்சு. எட்டு மாசமா எனக்குத் தூக்கமில்ல."

"எங்கிட்ட இருந்தப்ப முழுசா இருந்துச்சு," என்றாள் எஸ்னாட். "நான் மொதலைக் கதை முடிவைப் பதினேழு தடவை படிச்சிருக்கேன்."

கசோண்டே வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது புத்தகமும் வண்டியேறி லுவிங்குவுக்குப் போவது கண் முன்னால் தெரிந்தது. எஸ்னாட்டிடம் இருந்தது, லோம்பேயிடம் இல்லை. நடுவில் யார்? அவள் தலை தானாகத் திரும்பியது. கபாசோ இன்னும் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். மலாமாவின் உயரம் எழுதிய காகிதம். வெயில் அதன் மேல் விழுந்தது. பின்பக்கத்தில் வரி வரியாக அச்சு.

"கபாசோ! கையில என்னடா?"

அவன் பார்த்தான். காகிதத்தைத் திருப்பினான். அவன் வாய் திறந்தது.

"அடக் கடவுளே. ஒரு நாள் அவசரத்துக்கு ஓரத்துல அளவு எழுதுனேன். அப்புறம் அந்த அளவு வேணுமேன்னு கிழிச்சு..."

முடிப்பதற்குள் அவள் அவனுடைய பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். ஆணி, சுருள் டேப், மெழுகு, அப்புறம் ஒரு ரப்பர் பட்டையில் சுருட்டிய இன்னும் மூன்று தாள். கையிலிருந்ததோடு நான்கு தாள். எட்டுப் பக்கம்.

ஓரங்களில் பென்சிலால் எண்கள். கங்வா வாங்கிப் படித்தார். "நூத்தி அம்பத்தொண்ணு... நூத்தி அறுபத்தெட்டு..."

"அம்பத்தொண்ணு எங்க சின்னம்மா," என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

"அறுபத்தெட்டு என் தாய்மாமன்."

ஆண்கள் மறுபடி தொப்பியைக் கழற்றினார்கள். கங்வா ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, ஒவ்வொரு எண்ணுக்கும் யாரோ ஒருவர் பெயர் சொன்னார்கள். ஒன்பது எண், ஒன்பது பேர். பத்தாவது நூற்று எழுபத்து மூன்று.

"அது தப்பு," என்றார் மலாமா. "அடிச்சு எழுதுங்க."

சிரிப்பு வெடித்தது. கங்வா பக்கங்களை வரிசையாக உள்ளே வைத்தார். இருநூற்று ஐந்து, இருநூற்று ஆறு என்று உரக்க எண்ணத் தொடங்கினார். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், வேலியோர ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள். பன்னிரண்டை ஊரே சேர்ந்து கத்தியது. மேளக்காரன் ஓங்கி ஓர் அடி அடித்தான்.

"பென்சில்ல கிறுக்கியிருக்கு," என்றார் கங்வா.

"கிறுக்கினாலும் பக்கம் பக்கந்தானே அய்யா?"

அவர் யோசித்தார். பட்டியலில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பத்து என்று எழுதி அடியில் கோடு போட்டார். கசோண்டே அவரை அப்படியே இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கழுத்துப்பட்டையில் கருவாட்டு வாசனை. காசாமா போகும் வரைக்கும் அது போயிருக்காது.

பெட்டியை வண்டியின் கூரையிலிருந்து நான்கு பேர் இறக்கினார்கள். லுக்கோண்டே கயிற்றை அறுத்தாள், மாமனார் பக்கம் திரும்பாமல். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, காற்றிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "இனிமே யாரு எடுத்தாலும் சொல்லிட்டு எடுக்கணும். பெரியவங்களா இருந்தாலும் சரி." அவள் காற்றுக்குத் தலையாட்டினாள்.

சாவு வீட்டுக்குக் கொண்டு வந்த மாவை யாரும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது வழக்கமில்லை. அடுப்பு மூட்டினார்கள். களி கிண்டினார்கள். கசோண்டே ஒரு சாக்குக் கருவாட்டை அவிழ்த்துக் கொட்டினாள், தக்காளி போட்டு நிலக்கடலைப் பொடி தூவிக் குழம்பு. மலாமா முதல் ஆளாகக் கை கழுவி உட்கார்ந்தார். "என் சாவுச் சோத்த நானே திங்கறேன். இந்தக் குடுப்பினை எவனுக்கு வரும்?"

"உப்பு பத்தலன்னு மட்டும் சொல்லாத காளான். செத்தவன் கொற சொல்லக்கூடாது."

சாப்பாடு முடிவதற்குள் புதுப் புத்தகத்தில் பாதி ஊருக்குள் போய்விட்டது. லுக்கோண்டே மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு கை வலிக்க எழுதினாள். கசோண்டே அந்த நாற்பதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கையைத் துணியில் துடைத்து, முகர்ந்து பார்த்து, இன்னொரு தரம் கழுவி, நீலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சனம் வந்து சுற்றி உட்கார்ந்தது. பாதிப் பேருக்குக் கதை தெரியும்.

"கடைசிக் கதையில ஆரம்பிங்க," என்று கெஞ்சினான் லோம்பே. "மொதலை பொண்ணு குடுத்துச்சா இல்லையா? அத மட்டும் படிச்சுக் காட்டிருங்க."

"குடுத்துச்சு, ஆனா..." என்று எஸ்னாட் தொடங்கினாள்.

"வாய மூடு!" கசோண்டே விரலை நீட்டினாள். "எவளாவது முடிவைச் சொன்னீங்க, நெசமாவே ஒப்பாரி வெக்க வேண்டி வரும். ரெண்டு வருஷம் காத்துக்கெடந்திருக்கேன். மொதல் பக்கத்துலேருந்துதான்."

"சத்தமாப் படிடி மழை," என்றார் மலாமா, காலை நீட்டிக்கொண்டு. "எனக்குக் கேக்கணும்."

அவள் அட்டையைத் திறந்தாள், விரலை முதல் எழுத்தின் கீழே வைத்தாள், மூச்சை நெஞ்சு முட்ட இழுத்துக்கொண்டாள்.